“பிங் போகிறது சார்”: நெட்வொர்க் நெறிமுறைகளை எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

கிளை அலுவலகம் ஒன்றில், வி.பி.என். (இணையத்தின் ஊடே போடும் தனிப் பாதை) வழியாகத் தலைமையகச் செயலியின் உள்நுழைவுப் பக்கம் திறக்கிறது. கோப்பு ஒன்றை ஏற்ற முயன்றால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. புகார் என்னிடம் வருவதற்குள், அதைக் கையாண்ட இளம் பொறியாளர் இரண்டு நாள்களைச் செலவழித்து, “பிங் போகிறது சார், லேயர் 3 வரைக்கும் சரி, பிரச்சினை லேயர் 7-இல்தான்” என்று முடிவுகட்டி, டிக்கெட்டைச் செயலிக் குழுவின் தலையில் கட்டியிருந்தார். எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் சிறு கட்டளைதான் பிங். லேயர் 3 என்பது முகவரி பார்த்துப் பாக்கெட்டுகளை (தரவுப் பொதிகளை) கடத்தும் அடுக்கு, லேயர் 7 செயலியின் அடுக்கு. விண்டோஸில் பிங் இயல்பாக அனுப்புவது 32 பைட் தரவு. துண்டாக்கக் கூடாது என்ற கொடியை வைத்து, அளவை 1472 ஆக்கி அதே பிங்கை அனுப்பினேன், பதில் இல்லை. 1300-க்கு உடனே வந்தது. ஃபயர்வாலில் எக்கோவை (பிங்கின் கேள்வி-பதிலை) மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐ.சி.எம்.பி. (பிழையையும் நிலையையும் தெரிவிக்கும் நெறிமுறை) செய்திகள் எல்லாவற்றையும் யாரோ அடைத்திருந்தார்கள். ‘பாக்கெட் பெரிது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ரவுட்டர் அனுப்பிய செய்தியும் அதில் சிக்கிக்கொண்டது, கோப்பின் பெரிய பாக்கெட்டுகள் வழியிலேயே தொலைந்தன. விதியைத் திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எதைப் படித்து வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். நேர்காணலுக்கான வினா-விடைத் தொகுப்பு ஒன்றைக் காட்டினார். அதில் ஐ.சி.எம்.பி.க்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரே வரி: பிங்குக்குப் பயன்படுவது. இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இத்தகைய தொகுப்புகள் எல்லாமே நெட்வொர்க்கின் வேலைகளை ஏழு அடுக்குகளாக (லேயர்களாக) பிரித்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. மாதிரியில்தான் தொடங்குகின்றன. அதை ஏதோ இணையத்தின் கட்டட வரைபடம் என்றும், ஒவ்வொரு பாக்கெட்டும் ஏழு மாடி ஏறி இறங்குகிறது என்றும் மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். பாக்கெட்டுகளை முகவரிக்குச் சேர்க்கும் ஐ.பி., அவை விடுபடாமல் வரிசையாகச் சேர்வதைக் கவனிக்கும் டி.சி.பி. ஆகியவற்றின் அடிப்படை ஆவணங்கள் 1981 செப்டம்பரில் வந்துவிட்டன, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று அவற்றுக்கு மாறிவிட்டது, ஓ.எஸ்.ஐ. மாதிரி சர்வதேசத் தர ஆவணமாக வெளியானதோ 1984-இல். அந்த மாதிரிக்கென்று தனியாக வகுக்கப்பட்ட நெறிமுறைகளில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன, எஞ்சியது சொல்வழக்குதான். ‘லேயர் 2 ஸ்விட்ச்’ என்று நானும் தினமும் சொல்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் டி.எல்.எஸ். (தரவை மறையாக்கி அனுப்பும் நெறிமுறை) ஐந்தாவது அடுக்கா, ஆறாவதா என்று நேர்காணலில் ஒருவரை வியர்க்க வைப்பது, இல்லாத மாடிக்குப் படிக்கட்டு கேட்பது போன்றது. (இந்தக் கேள்வியைக் கேட்கும் என் சக மூத்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.) சொல்வழக்கை வரைபடமென்று நம்பியதன் விளைவுதான், மூன்றாவது அடுக்குக்குச் ‘சரி’ போட்டுவிட்டு ஏழாவதுக்குத் தாவிய அந்த டிக்கெட்.

எதைப் படிக்கலாம்? ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறைகளை வரையறுத்தும் விளக்கியும் வெளியாகும் ஆவணம்) என்றாலே மிரள்பவர்கள், 1991-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1180-ஐ முதலில் எடுத்துப் பாருங்கள். இருபத்தெட்டே பக்கம், தொடக்கநிலையாளருக்காகவே எழுதப்பட்டது, இலவசம். நம் இளைஞரிடம் அதைத்தான் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்து, “போகவேண்டிய முகவரி வெளியே இருக்கும்போது ஏ.ஆர்.பி. ஏன் சார் கேட்வேயின் முகவரியை விசாரிக்கிறது?” என்று கேட்டார். ஐ.பி. முகவரிக்குரிய வன்பொருள் முகவரியை விசாரிப்பது ஏ.ஆர்.பி., வெளி நெட்வொர்க்குக்கான வாசல் கேட்வே. ஏழு அடுக்கையும் தலைகீழாக ஒப்பித்தவருக்கு அதுவரை எழாத கேள்வி அது.

அடுத்ததாக ஒரே ஒரு பாடநூல் போதும். பிரவுசரில் தொடங்கிக் கம்பி வரை இறங்க விரும்பினால் குரோஸ்–ராஸ். காசு செலவழிக்க இயலாதவர்களுக்கு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் பீட்டர்சன்–டேவி. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் ‘டி.சி.பி./ஐ.பி. இல்லஸ்ட்ரேட்டட்’ முதல் தொகுதி, கம்பியில் உண்மையில் ஓடிய பாக்கெட்டுகளைக் காட்டியே பாடம் நடத்தும் நூல். சற்றுக் கனமானது, ஆறு மாதம் கழித்து எடுங்கள். மூன்றையும் ஒன்றாக வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள்.

எந்த நூலானாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள். ஐ.பி. முகவரிகளை ஏ, பி, சி வகுப்புகளாகப் பிரிப்பதை வரலாறாக அல்லாமல் நடப்பு வழக்கமாகச் சொன்னால் மூடி வையுங்கள். 1993-இலேயே அந்த முறைக்கு விடைகொடுத்தாயிற்று. டி.சி.பி.க்கு ஆர்.எஃப்.சி. 793-ஐ மட்டும் காட்டும் பக்கத்தையும் ஐயத்தோடு படியுங்கள். 2022-இல் 9293 அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

தயவுசெய்து, ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் கருவியைத் திறந்துவைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், பெரும்பாலும் முதலில் 53-ஆம் போர்ட்டுக்கு (சேவையைக் குறிக்கும் எண்) ஒரு டி.என்.எஸ். வினவல், அதாவது பெயருக்குரிய ஐ.பி. முகவரியைக் கேட்பது, பதில், பின்னர் டி.சி.பி. இணைப்பைத் தொடங்கும் எஸ்.ஒய்.என்., எஸ்.ஒய்.என்.-ஏ.சி.கே., ஏ.சி.கே. என மூன்று வரிகள் தெரியும். டி.சி.பி.யின் வரிசை எண் 0 என்று காட்டுவதைக் கண்டு ஏமாறாதீர்கள். அது வாசிப்பவரின் வசதிக்காகக் கருவி கழித்துக் காட்டுவது, உண்மையான எண் 32 பிட் நீளமுடையது. எஸ்.ஒய்.என். எங்குமே வரவில்லையென்றால் பதறாமல் யு.டி.பி. (இணைப்பு ஏற்படுத்தாமலே அனுப்பும் நெறிமுறை) 443-ஆம் போர்ட்டைப் பாருங்கள், டி.சி.பி.க்குப் பதில் யு.டி.பி.யின் மேல் இயங்கும் வலை நெறிமுறையான எச்.டி.டி.பி./3 ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிடித்துப் பார்ப்பது உங்கள் சொந்தக் கணினியின் போக்குவரத்தாக இருக்கட்டும். எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அலுவலக ஸ்விட்ச்சில் போர்ட் மிரரிங் (பிறர் போக்குவரத்தின் நகலை உங்கள் பக்கம் திருப்பும் வசதி) வைத்துப் ‘பயிற்சி’ எடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.