விடியக்கால பில்லுக்கு நேற்றைய தேதி

இந்த மாதமும் அதே புகார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர் போன் செய்தார்: "தம்பி, விடியக்காலம் போட்ட பில்லெல்லாம் நேத்துக் கணக்குல ஏறியிருக்கு." மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது போனை எடுப்பதில்லையாம். நிரலைத் திறக்காமலே காரணம் சொல்லிவிடலாம். சர்வர் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு தாண்டிக் காலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். பூ மூட்டை வந்து இறங்குகிற நேரமும் அதுவே.

தேதிதானே என்று தள்ளிவிட முடியாது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை எங்கேயோ போய் நிற்கும். அன்று உசிலம்பட்டிப் பக்கமிருந்து பூ கொண்டுவந்தவருக்கு முந்தின நாள் விலையில் பட்டுவாடா செய்தால் யார் பதில் சொல்வது?

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம்தான் எனக்கு எரிச்சல்: "சர்வர் டைம்சோனை இந்திய நேரத்துக்கு மாத்திட்டாப் போச்சு." போகாது. நாளை சர்வரை மாற்றுவீர்கள், அல்லது நிரலைக் கன்டெய்னருக்குள் (எந்த மெஷினிலும் ஓடும்படி கட்டிய பொதிக்குள்) போடுவீர்கள். பெரும்பாலான கன்டெய்னர்கள் யூடிசியில்தான் கிளம்பும். டேட்டாபேஸுக்குத் தனியாக ஒரு டைம்சோன் அமைப்பு உண்டு, அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாற்றிய தேதிக்கு முன் சேர்ந்த பதிவுகள் ஒரு மாதிரி, பின்னால் வந்தவை வேறு மாதிரி. "இந்தியாவுக்கு ஒரே நேரம்தானே சார்" என்பார்கள். 1942 முதல் 1945 வரை போர்க்காலத்தில் இங்கேயே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இலங்கை 1996-இல் தன் நேரத்தை மாற்றி, 2006-இல்தான் நம் நேரத்துக்குத் திரும்பியது. எல்லாவற்றுக்கும் மேலாக, டைம்சோனை மாற்றிய பிறகும் அதிகாலை 3 மணிக்கு நிரல் என்ன செய்யும் என்று பார்க்க, 3 மணிக்கு எழுந்துதான் பார்க்க வேண்டும். நோய் அங்கே இருக்கிறது.

கணக்குப் போடுகிற ஃபங்ஷன், அதாவது நிரலின் அந்தத் துண்டு, தானாகப் போய்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. நேரமும் ஓர் உள்ளீடுதான். விலையையும் எடையையும் கொடுப்பதுபோல அதையும் வெளியிலிருந்து கொடுங்கள். ஜாவாவில் 2014 முதலே இதற்கென்று 'கிளாக்' இருக்கிறது. டாட்நெட்டில் 2023-இல் 'டைம் புரொவைடர்' வந்தது. பைத்தானில் ஒரு பாராமீட்டர் போதும். அப்புறம் டெஸ்டில் (நிரலைச் சோதிக்க எழுதும் நிரலில்) கடிகாரத்தை 3 மணியில் நிறுத்திவைத்து, பில்லின் தேதியைப் பகலிலேயே சரிபார்க்கலாம். ஒரு பில்லுக்கு ஒரே தடவை நேரம் எடுங்கள். மூன்று இடத்தில் மூன்று முறை எடுத்தால் ராத்திரி 11:59:59-க்குத் தலைப்பில் ஒரு தேதி, மொத்தத்தில் இன்னொன்று.

சேமிப்பது யூடிசியில். தேதியாக மாற்றுவது ஒரே ஓர் இடத்தில், 'ஏசியா/கொல்கத்தா' என்று இந்திய டைம்சோனின் பெயர் சொல்லி. கடையின் 'நாள்' எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று முதலாளியிடம் கேளுங்கள். நள்ளிரவு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு இறங்கும் சரக்கை நாளைக் கணக்கில் எழுதுகிற கடையும் இருக்கலாம்.

எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கச் சுவர்க் கடிகாரம் (தேதியும் மணியும் காட்டுவது) வேண்டாம். பின்னால் நகராத கடிகாரம் பெரும்பாலான நிரல் மொழிகளில் தனியாக இருக்கிறது. 2017 புத்தாண்டில், நம் நேரப்படி காலை 5.30-க்கு லீப் செகண்ட் (உலக நேரத்தில் கூடுதலாக ஒரு விநாடி) சேர்த்தபோது, இரண்டு நேரங்களைக் கழித்தால் மைனஸ் வராது என்று நம்பிய நிரலால் இணைய நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் சேவையே (இணையதளப் பெயருக்கு முகவரி சொல்வது) தடுமாறியது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷ்யூர் படுத்ததற்குக் காரணம், ஆண்டோடு ஒன்றைக் கூட்டி 2013 பிப்ரவரி 29 என்று இல்லாத தேதியில் சான்றிதழை முடிக்கப் பார்த்தது. பெரிய இடத்திலேயே இப்படி.

டெஸ்டில் 'ஸ்லீப்' போட்டு இரண்டு விநாடி காத்திருக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். மெஷின் மெதுவானால் அது தோற்கும். நீங்களும் "சும்மா திரும்ப ஓட்டு" என்பீர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். இன்று லேப்டாப்பின் டைம்சோனை யூடிசி ஆக்கிவிட்டு எல்லா டெஸ்டையும் ஒருமுறை ஓட்டுங்கள். சிவப்பு விழும், அதாவது டெஸ்ட் தோற்கும், இடங்களில் நிரல் யாருக்கும் சொல்லாமல் மெஷினின் கடிகாரத்தையோ டைம்சோனையோ பார்த்துக்கொண்டிருக்கலாம். டெஸ்டே இல்லையென்றால், பில் தேதி போடுகிற ஃபங்ஷனிலிருந்து தொடங்குங்கள்.