பியானோ சேர்ந்ததும் ட்ராம்போனின் ‘டி’ ஏன் இறங்குகிறது?

ட்ராம்போன் (குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளைக் கருவி) பழகும் இடைநிலை மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தனியாக வாசிக்கும்போது நன்றாக ஒலிக்கும் டி சுரம், பியானோ துணைக்கு வந்ததும் இறங்கினாற்போல் கேட்கிறதே, ஏன்?” நடு சி-க்கு அடுத்து மேலே வரும் டி-யைத்தான் சொல்கிறார். அவர் வாசிக்கும் கட்டத்துத் தனி இசைகளில் அது அடிக்கடி தலைகாட்டும்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். உதடு துடிக்கிறது, காற்றுத்தம்பம் அதிர்கிறது, குழாய் நீண்டால் சுரம் இறங்குகிறது. வழக்கமான டெனர் ட்ராம்போனில் ஸ்லைடு (முன்னும் பின்னும் நகரும் குழாய்) முழுக்க உள்ளே இருக்கும்போது குழாயின் நீளம் சுமார் 2.7 மீட்டர், அடிப்படைச் சுரம் பி ஃபிளாட், 58.27 ஹெர்ட்ஸ். உதட்டை இறுக்கினால் அதன் 2, 3, 4, 5 மடங்குகளுக்குத் தாவலாம். (ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைப்படை மடங்குகள்தானே வரும் என்று கேட்பவருக்கு முழு மதிப்பெண். உதடு வைக்கும் முனையும் கருவியின் மறுமுனையில் மணிபோல் விரிந்த வாயும் அந்த வரிசையை நகர்த்தி எல்லா மடங்குகளையும் தந்துவிடுகின்றன.) இடைப்பட்ட சுரங்களுக்கு ஸ்லைடை நீட்ட வேண்டும். ஸ்லைடை நிறுத்தும் இடங்கள், அதாவது பொசிஷன்கள், மொத்தம் 7. முதல் நகர்வு சுமார் 8 செ.மீ., கடைசி நகர்வு 11 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஸ்லைடில் கோடு எதுவும் கிடையாது.

சரி, டி-க்கு வருவோம். 1ஆம் பொசிஷனில் அது 5ஆவது மடங்கு, அதாவது 291.35 ஹெர்ட்ஸ். பியானோவின் டி 293.66. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டுக்குச் சற்று அதிகமாக விம்மல்கள், அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகள். சுரங்கள் சேரும்போது இனிப்பதும் உறுத்துவதும் இந்த விம்மல்களைப் பொறுத்தவைதான் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே விளக்கிவிட்டார். சுருதி பிடிக்கும் காது பிறவியில் வர வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வது எனக்கு எரிச்சலூட்டும் மூடநம்பிக்கை. நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்குவதைக் கவனிக்கப் பழகினால் போதும், பெரும்பாலோருக்குக் கேட்கும்.

இதில் தப்பு யார் பக்கம்? 4ஆவது மடங்கான பி ஃபிளாட்டிலிருந்து 5ஆவதான டி வரை இயற்கையான விகிதம் 5:4, அதாவது 1.25. அதே அளவு தாவலை மூன்று முறை அடுக்கினால் அடுத்த பி ஃபிளாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் 1.25ஐ மூன்று முறை பெருக்கினால் 1.953தான் கிடைக்கிறது, 2 வருவதில்லை. பியானோ இந்தக் குறையை மறைக்க ஒவ்வொரு தாவலையும் 1.26 அளவுக்கு இழுத்து வைத்திருக்கிறது. ஆகவே மாணவரின் டி இயற்கைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பியானோ இல்லாமல் மூன்று ட்ராம்போன்கள் சேர்ந்து வாசித்தால் அந்தத் தாழ்ந்த டி-தான் இனிக்கும். பியானோவோ இடையில் வளைந்து கொடுக்காது. விட்டுக்கொடுக்க வேண்டியது ட்ராம்போன்தான்.

சிக்கல் என்னவென்றால், சுரத்தை ஏற்ற ஸ்லைடை இன்னும் உள்ளே தள்ள வேண்டும். 1ஆம் பொசிஷனில் அது ஏற்கெனவே முட்டி நிற்கிறது! அதனால் பலர் சுருதிக் குழாயை (மொத்தச் சுருதியையும் சரிசெய்யும் தனிக் குழாய்) சற்று உள்ளே தள்ளிவிட்டு, பி ஃபிளாட்டையே ஸ்லைடு ஒரு செ.மீ. வெளியே இருக்கும்படி வாசிக்கிறார்கள். டி வரும்போது அந்த ஒரு செ.மீ. உதவிக்கு வருகிறது. இன்னொரு வழி 4ஆம் பொசிஷன். அங்கே டி 6ஆவது மடங்காக 293.99 ஹெர்ட்ஸில் வருவதால் பியானோவுடன் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கிறது. ஒரு விஷயம் மட்டும்: காற்று ஒரு டிகிரி சூடானாலே சுருதி ஏறும், எனவே ஊதிச் சூடேற்றிய பிறகே பியானோவோடு சரிபாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 7ஆவது மடங்கு. 2ஆம் பொசிஷனில் அது 385 ஹெர்ட்ஸ். பியானோவின் ஜி 392. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்வு. டிரம்பெட்டில் வால்வு போட்ட நீளம் போட்டதுதான் என்பதால், அதை வாசிப்பவர்கள் 7ஆவதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ட்ராம்போன்காரரோ 2ஆம் பொசிஷனிலிருந்து ஸ்லைடை இரண்டரை செ.மீ. உள்ளே இழுத்து, அதே ஜி-யைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார்.