திருச்சியின் பெயர் சூடிய பின்னற்சங்கிலியும் அதன் கருவிகளும்

ஸ்காட்லாந்தின் ஐலாத் தீவில், வைக்கிங்குகள் எனப்படும் பண்டைய வடஐரோப்பியக் கடலோடிகளின் காலக் கல்லறையொன்றில் கிடைத்த வெள்ளிக்கம்பிச் சங்கிலியின் பின்னல் முறையைத் தொல்லியலாளர்கள் ‘ட்ரிச்சினோபொலி’ என்று, திருச்சிராப்பள்ளியின் பழைய ஆங்கிலப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். வைக்கிங்குகள் திருச்சிராப்பள்ளிக்கு வந்து இதைக் கற்றதாகச் சான்றில்லை. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிச் சங்கிலிகள் இங்கிலாந்தில் பெயர்பெற்றிருந்தமையால், தோற்ற ஒற்றுமை கருதி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரின் பெயர் இவ்வளவு தொலைவில் நிலைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

இச்சங்கிலியில் பற்றவைப்பு இல்லை. ஓர் உருளைத் தண்டைச் சுற்றிக் கம்பியை வளைத்து, முந்தைய வரிசைக் கண்ணியின் பின்புறமாக நுழைத்து, குழல்போலப் பின்னிக்கொண்டே போகிறார்கள். ஆகவே கருவித் தேர்வு கம்பியிலிருந்தே தொடங்க வேண்டும். கம்பியின் தடிமனை ‘கேஜ்’ எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடினால் கம்பி மெலிதாகும். 24 கேஜ் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.51 மி.மீ., 26 கேஜின் விட்டம் 0.40 மி.மீ.; வேறுபாடு அற்பமாகத் தோன்றினாலும், வளைவை எதிர்க்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் உயர்வதால், முன்னது பின்னதைவிட இரண்டரை மடங்கு விறைப்பானது. முதன்முறை பின்னுபவர் 26 கேஜ் செம்புக்கம்பியை எடுப்பதே நல்லது.

உலோகத்தை வளைக்கும்போது அதன் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. நழுவல்கள் பெருகி ஒன்றையொன்று தடுக்கத் தொடங்கியதும் கம்பி கடினமாகி, இறுதியில் ஒடிகிறது. மங்கிய செந்நிறம் தெரியும் வரை சூடேற்றினால் புதிய படிகங்கள் உருவாகி மென்மை திரும்பும். எனவே இவ்வாறு சூடேற்றி மென்மையாக்கிய மென்பதக் கம்பியையே வாங்க வேண்டும். மிக நீண்ட துண்டைக் கண்ணிதோறும் இழுத்து நுழைப்பதும் அதைக் கடினமாக்கும் என்பதால், ஒரு கை நீளத்துக்குள் வெட்டிக்கொண்டு, தீர்ந்ததும் புதுத்துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தண்டுக்கு வழவழப்பான 6 மி.மீ. மரக்குச்சியோ ஆலன் கீயோ (அறுகோணத் திருகாணிச் சாவி) போதும். கண்ணியைத் திறக்க முனை மழுங்கிய ஊசியும், கம்பியை நறுக்க வெட்டுக்குறடும் உடனிருக்கட்டும். பல்வைத்த குறடு கம்பியில் தழும்பேற்படுத்தும். அந்தத் தழும்பில்தான் பின்னர் கம்பி ஒடியும்.

மிகுந்த கவனம் கோருவது, பின்னலை இழுத்துச் சீராக்கும் துளைப்பலகையான கம்பியச்சுதான். கடினமான மரப்பலகையில் 8 மி.மீ. தொடங்கி அரை மி.மீ. குறைந்துகொண்டே வரும் துளைகளை இடுங்கள். பின்னலை ஒவ்வொன்றின் வழியாகவும் இழுக்கும்போது விட்டம் சுருங்கி, நீளம் கூடி, கண்ணிகள் சீராகின்றன. ஒரு துளையைத் தாண்டிக் குதித்தால் விசை முழுவதும் முதல் வரிசைக் கண்ணிகளில் விழுந்து அவை அறுந்துவிடும். துளைகளின் இருபுற விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட்டு, உள்ளே சிறிது தேன்மெழுகு பூசிய பிறகே சங்கிலியை நுழைக்க வேண்டும்.