அந்தப் பேச்சு யாரை என்ன செய்யச் சொன்னது?

அரசியல் உரைகளை வகுப்பில் எடுக்கும்போது, மாணவர்கள் முதலில் அடிக்கோடு போடுவது உவமைகளுக்கும் அடுக்குமொழிக்கும்தான். 'திரும்பத் திரும்பச் சொல்லி அழுத்தம் கொடுக்கிறார்' என்று ஓரத்தில் குறித்து வைப்பார்கள். சரி, எதற்காக அந்த அழுத்தம்? கேட்டவர்கள் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும் என்று பேசியவர் நினைத்தார்? இதற்குப் பதில் இல்லையென்றால் கையில் மிஞ்சுவது வெறும் அணிகளின் பட்டியல்.

1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதை எடுத்துக்கொள்வோம். 'கடற்கரைகளில் போரிடுவோம்' என்ற பகுதி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது உரையின் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் நீளமாக இருப்பது கிட்டத்தட்ட ஒரு ராணுவ அறிக்கை. ஜெர்மானியப் படைகள் சூழ்ந்த பிரான்ஸின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து 3,35,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்டதைச் சொல்கிறார். கூடவே 30,000-க்கும் அதிகமானோர் இறந்தும் காயம்பட்டும் காணாமலும் போனதை, ஏறத்தாழ 1,000 பீரங்கிகள் பறிபோனதை மறைக்காமல் சொல்கிறார். இந்த மீட்பை வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். இழப்பை இப்படி ஒப்புக்கொண்ட பிறகு வருவதால்தான் அந்த 'போரிடுவோம்' வெற்று வீராப்பாகப் படவில்லை.

அப்புறம் அந்தக் கடைசி வாக்கியம். இந்தத் தீவே வீழ்ந்தாலும் கடல் கடந்த பேரரசு போராடும், புதிய உலகம் மீட்க வரும்வரை, என்கிறார். அந்தப் 'புதிய உலகம்' அமெரிக்காதான்; அது அப்போது போரில் இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் உறுப்பினர்கள்; பேச்சு போய்ச் சேர வேண்டிய இன்னொரு இடம் வாஷிங்டன். இன்று நாம் கேட்கும் குரல்கூட அவையில் பதிவானதல்ல, 1949-இல் அவர் தனியாகப் பேசிப் பதிவு செய்தது.

சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் உரை வானொலியில் ஒலித்தது. 'சரணடைகிறோம்' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஜப்பான் சரணடைய வேண்டும் என்று கோரிய நேச நாடுகளின் கூட்டறிக்கையை ஏற்கும்படி அரசுக்கு ஆணையிட்டதாக மட்டும் சொல்கிறார். முந்தைய இரவில்தான் சில ராணுவ அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து, இந்த ஒலிப்பதிவைக் கைப்பற்றத் தேடியிருந்தார்கள். படைகள் கலகம் செய்யாமல் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும். மானம் போனதாக யாருக்கும் தோன்றக் கூடாது. அந்தத் தேவையை வைத்துப் படித்தால், மழுப்பலாகத் தெரியும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் பிடிபடும்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது மார்ட்டின் லூதர் கிங்கின் உரை படும் பாடு. 1963 ஆகஸ்ட் 28-இல் அவர் பேசியது வேலைவாய்ப்புக்கும் விடுதலைக்குமான பேரணியில். கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்த காசோலை, பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது என்று முதல் பாதியில் குற்றம் சாட்டுகிறார். மெல்ல மெல்லச் செய்யலாம் என்ற வாதத்தை மறுத்து, இப்போதே வேண்டும் என்கிறார். சிவில் உரிமை மசோதா அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் நிலுவையில் இருந்தது. 'எனக்கொரு கனவு உண்டு' என்ற பகுதியை மட்டும் வெட்டிப் பரப்பும்போது, கணக்குக் கேட்க வந்தவரை வாழ்த்துச் சொல்ல வந்தவராக மாற்றிவிடுகிறோம்.

வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சுத் துண்டு வந்தால், பகிர்வதற்கு முன் முழு உரையைத் தேடுங்கள். சர்ச்சிலின் உரை பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பதிவேட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. புகழ்பெற்ற வரிக்கு முந்தைய இரண்டு பத்திகளை முதலில் படியுங்கள்.