ரோடியோ: வளைத்த மந்தையின் பெயர்

மார்ச் மாதம் ஹியூஸ்டனில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்நடைக் கண்காட்சிக்கென்று போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். காலையில் வைக்கோலும் சாணமும் மணக்கும் கொட்டகைகள். பிறந்து சில நாளே ஆன பன்றிக்குட்டிகள், சீவிக் குளிப்பாட்டி நிறுத்திய எருதுகள், அவற்றின் பக்கத்திலேயே மடக்கு நாற்காலியில் தூங்கிப்போன பள்ளி மாணவர்கள். மாலையில் அரங்கத்துக்குள் ரோடியோ, அதாவது மாடு மேய்ப்பர்களின் குதிரை, கயிறு, காளைப் போட்டிகள். நுழைவாயிலில் வரிசையில் நின்றபோது ஆறு வயது மகள் கேட்டாள்: "ரோடியோன்னா தமிழ்ல என்னப்பா?" கூட வந்திருந்த என் மச்சான், "அமெரிக்க ஜல்லிக்கட்டு" என்றார். பலரும் சொல்லும் பதில்தான். ஆனால் அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது வேறு.

ஸ்பானிய மொழியில் 'ருவேதா' என்றால் சக்கரம். அதிலிருந்து வந்த வினைச்சொல் 'ரொதேயார்': சுற்றிவளைத்தல். சுற்றிவளைக்கும் செயலுக்குப் பெயர் 'ரொதேயோ'. ஆங்கிலம் பேசுவோர் வாயில் அது ரோடியோ ஆனது. ருவேதாவுக்கு மூலம் லத்தீனின் 'ரோட்டா'. வடமொழி வழியாக நம்மிடம் வந்து வழங்கும் 'ரதம்' அந்த ரோட்டாவுக்குத் தூரத்து உறவு. ஆக இந்தச் சொல்லின் கருவில் சண்டையும் இல்லை, சவாரியும் இல்லை. ஒரு வட்டம் இருக்கிறது.

அந்த வட்டத்தைப் போட்டவர்கள் மெக்சிகோவிலும், அப்போது அதன் பகுதிகளாக இருந்த கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் குதிரைமேல் மாடு மேய்த்தவர்கள். வேலி இல்லாத மேய்ச்சல் வெளி அது. பல பண்ணைகளின் மாடுகள் ஒன்றாகக் கலந்து மேயும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றைப் பிரித்தாக வேண்டும். குறித்த நாளில் மேய்ப்பர்கள் நாலா திசையிலிருந்தும் மாடுகளை ஓட்டிவந்து ஒரு வெளியில் குவிப்பார்கள். மந்தை கலைந்து ஓடாதபடி குதிரைகளில் சுற்றி நிற்பார்கள். பிறகு ஒவ்வொரு பண்ணைக்காரரும் உள்ளே புகுந்து தம் மாட்டைப் பிரித்தெடுப்பார். புதுக் கன்று எந்தத் தாயின் பின்னால் போகிறதோ, அந்தத் தாயின் மேல் உள்ள குறியே கன்றுக்கும் சூடு போட்டு இடப்படும். தகராறு வந்தால் தீர்த்துவைக்கக் கலிபோர்னியாவில் 'வெளி நீதிபதி' என்றே ஒரு பதவி இருந்தது. ரோடியோ என்றால் முதலில் இந்த வேலை நாள்தான். (பெவர்லி ஹில்ஸில் விலை உயர்ந்த கடைகளுக்குப் பேர்போன தெருவின் பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. அந்த நிலத்தின் பழைய ஸ்பானியப் பெயருக்கு 'நீர்கள் கூடும் இடம்' என்று பொருள். அங்கே இன்றும் ஸ்பானிய ஓசையை ஒட்டி 'ரொடேயோ' என்கிறார்கள்.)

ஆங்கிலம் பேசும் மேய்ப்பர்கள் இவர்களிடமிருந்து தொழிலைக் கற்றபோது சொற்களையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். 'வாக்கா' என்றால் பசு; மாடு மேய்ப்பவர் 'வக்கேரோ'; அதுவே ஆங்கிலத்தில் 'பக்கரூ' ஆனது. சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் 'லாசோ', 'லாரியட்', பண்ணையைக் குறிக்கும் 'ரான்ச்' எல்லாம் அதே வழியில் வந்தவை.

வேலை எப்படி விளையாட்டானது? 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேய்ச்சல் வெளிகள் துண்டு துண்டாக அடைபட்டன. மந்தைகள் கலப்பது குறைந்தது. வளைக்கும் வேலையும் குறைந்தது. ஆனால் கயிறு வீசும் கையும் குதிரையை அடக்கும் காலும் அப்படியே இருந்தன. அந்தத் திறமைக்குப் பரிசு வைத்தார்கள். அரிசோனாவின் பிரெஸ்காட்டில் 1888 ஜூலை 4 அன்று நடந்த போட்டி இதில் புகழ்பெற்றது. அன்று அதற்கு ரோடியோ என்று பெயரில்லை, மேய்ப்பர் போட்டி என்றுதான் சொன்னார்கள். வேலை மறைந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வேலையின் பெயர் விளையாட்டின் மேல் நிலைத்தது. ஹியூஸ்டன் கண்காட்சி 1932இல் தொடங்கியபோது அதன் பெயரில்கூட இந்தச் சொல் கிடையாது, 1961இல்தான் சேர்த்தார்கள்.

அரங்கத்தில் நடப்பதைப் பார்த்தால் பழைய வேலை இன்னும் தெரியும். குதிரையில் துரத்திக் கன்றுக்குச் சுருக்கு வீசி, இறங்கி ஓடி, அதன் மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டுகிறாரே ஒருவர், அது நோய்ப்பட்ட கன்றுக்கு மருந்து போடவும் குறியிடவும் அன்றாடம் செய்த காரியம். இருவர் சேர்ந்து, ஒருவர் கொம்பிலும் மற்றவர் பின்னங்கால்களிலும் கயிறு போடுவது பெரிய மாட்டை அசையாமல் நிறுத்தும் வழி. பழக்காத குதிரைமேல் ஏறி உட்கார்வதும் தொழில்தான். காளைமேல் சவாரி மட்டும் இதில் சேராது. காளைமேல் ஏறிப்போக எந்தப் பண்ணையிலும் தேவை இருந்ததில்லை. ஆனாலும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதைத்தான்: ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றி 8 விநாடி தாங்க வேண்டும், மறுகை எதிலும் படக்கூடாது. மதிப்பெண்ணில் பாதி வீரருக்கு, பாதி காளைக்கு. துள்ளாத காளை கிடைத்தவர் பாவம்தான். என் மகளுக்குப் பிடித்ததோ, தன் வயதுப் பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு செம்மறி ஆட்டின் முதுகைக் கட்டிக்கொண்டு போனது.

இப்போது மச்சானின் பதிலுக்கு வருகிறேன். சல்லி என்பது காசு. கொம்பில் கட்டிய காசு முடிப்பிலிருந்து ஜல்லிக்கட்டு என்ற பெயர் வந்தது என்பார்கள். பழைய பெயர் ஏறுதழுவல். கலித்தொகையின் முல்லைக்கலியில் விரிவாகவே இருக்கிறது. அதில் ஆள் தரையில் நின்று, திமிலைத் தழுவிப் பிடிக்கிறான். குதிரை இல்லை, கயிறு வீச்சும் இல்லை. ரோடியோ ஒரே விளையாட்டும் அல்ல, பல போட்டிகளின் தொகுப்பு. ஒன்றின் பெயரை மற்றதற்கு ஒட்டினால் இரண்டின் வரலாறும் மறைந்துபோகும்.

தமிழில் சொல்ல வேண்டுமானால் 'வளை' என்ற வேர் கையிலேயே இருக்கிறது. வளைத்தல் என்பதில் சுற்றிவளைப்பதும் உண்டு, வளையமும் வளையலும் உண்டு. சக்கரத்திலிருந்து ஸ்பானியச் சொல் எடுத்துக்கொண்ட அதே பொருள் நமக்கு ஒரே வேரில் கிடைக்கிறது. மாட்டுக்கூட்டத்துக்கு நிரை என்ற சொல் இருக்கிறது. ஆநிரை என்று பள்ளியில் படித்திருப்போம். ஆகவே பழைய வேலையைக் குறிக்க 'நிரைவளைப்பு' என்பேன். பேச்சில் 'மந்தை வளைப்பு' என்றாலும் சரியே. அதிலிருந்து பிறந்த போட்டிகளுக்கு 'நிரைவளைப்பு விளையாட்டுகள்'. ஹியூஸ்டன் ரோடியோ போன்ற விழாப் பெயர்களில் ரோடியோவை அப்படியே விட்டுவிடலாம். களத்துக்குத் 'தொழு' போதும்: மாடு அடைக்கும் இடத்துக்கும், முல்லைக்கலியில் ஏறுகளை விடும் களத்துக்கும் அந்த ஒரே சொல்தான். காளை வெளிப்படும் கதவுக்கு வாடிவாசலைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

சிலியில் ரோடியோ 1962 முதல் தேசிய விளையாட்டு. அங்கே இரண்டு குதிரைவீரர்கள் ஓர் இளங்காளையை ஓட்டிச் சென்று மெத்தை வைத்த சுவரோடு மடக்குகிறார்கள். களத்தின் பெயர் 'மெதியலூனா', அதாவது பிறை. வட்டம் அங்கும் விட்டுப்போகவில்லை.

கால்நடைக் கண்காட்சி என்ற தொடரில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல் முதலில் சொத்து என்றே பொருள்பட்டது. நம் 'மாடு' அப்படியே செல்வத்தையும் குறிக்கும். கல்வியே அழியாச் செல்வம் என்ற குறள் "மாடல்ல மற்றை யவை" என்று முடிவது அந்தப் பொருளில்தான். ஹியூஸ்டனில் பரிசு பெற்ற எருது ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போய், அந்தப் பணத்தில் மாணவர்கள் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று கேட்டபோது அந்தக் குறள் நினைவுக்கு வந்தது.

கிளம்பும் முன் ஒரு கொட்டகையில் சாம்பல் நிறக் காளை ஒன்று. தொங்கும் காது, மடிந்த அலைதாடி, உயர்ந்த திமில். "இது நம்ம பக்கத்து மாடுல்ல?" என்றார் என் மாமியார். அவர் சொன்னது சரி. அங்கே 'பிரம்மன்' என்று வழங்கும் இனம் காங்கிரேஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளோடு, அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோல் மாட்டையும் கலந்து உருவாக்கியது. நெல்லூர் மாடு என்றே அங்கு அதற்குப் பெயர். 1924இல் அதை வளர்ப்பவர்கள் ஹியூஸ்டனில் சங்கம் வைத்தபோது 'பிரம்மன்' என்ற பெயரைச் சொன்னவர் ஜே. டபிள்யூ. சார்ட்வெல். எட்டு ஆண்டு கழித்து இந்தக் கண்காட்சி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.