படம் 4.3-ஐ மறுபடி எடுத்துத் தர முடியுமா?

"வரைபடத்தோட செங்குத்து அச்சுல அலகு போட விட்டுப்போச்சு சார். அந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி எடுத்துக் குடுத்தா போதும்." அந்த ஆய்வு மாணவர் இப்படிக் கேட்டபோது அரை மணி நேர வேலை என்றுதான் நானும் நினைத்தேன். நெல் வயல் சோதனை, நான்கு பருவத் தரவு, புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆரில் எழுதிய நிரல். எல்லாம் ஒரு பென் டிரைவில் வந்து சேர்ந்தது. வேலை முடியப் பதினோரு நாள் ஆனது.

திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'கைடு பார்த்தது', 'கைடு பார்த்த ஃபைனல்' என்று நான்கு நிரல்கள். படம் எதிலிருந்து வந்தது என்று அவருக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான்குமே முதல் வரியில் அவருடைய பழைய மடிக்கணினியின் டி டிரைவைத் தேடின. அந்த மடிக்கணினி பழுதாகி எப்போதோ கைமாறிவிட்டது. பாதையைத் திருத்தி ஓட்டினேன். படம் வந்தது, ஆனால் ஆய்வேட்டில் ஒட்டியிருந்த படம் அல்ல. அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடுகளின் நீளம் வேறாக இருந்தது.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு காரணம் பிடிபட்டது. 2019 ஏப்ரலில் வந்த ஆர் 3.6.0 பதிப்பில், தற்செயலாக மாதிரி எடுக்கும் 'சாம்பிள்' ஃபங்ஷனின் உள்முறையை மாற்றினார்கள். பழைய முறையில் சின்ன சாய்வு இருந்தது, திருத்தியது சரிதான். ஆனால் தற்செயல் வரிசை ஒவ்வொரு தடவையும் ஒரேபோல வருவதற்காகக் கொடுக்கும் விதை எண்ணை மாற்றாமல் கொடுத்தாலும் 3.5-இல் வந்த வரிசை 3.6-இல் வராது. மாணவர் ஒழுங்காக விதை எண் போட்டிருந்தார். எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்பதைத்தான் எங்கும் எழுதி வைக்கவில்லை. (தரவிலிருந்தே தற்செயலாகத் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துத்தான் பிழைக்கோடுகளைக் கணக்கிட்டிருந்தார். நூறு தடவை மட்டும் எடுத்திருந்ததால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.)

இப்போதெல்லாம் என்னிடம் வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: நிரலையும் தரவையும் சேர்த்து ஒரு பேக்கேஜாகக் கட்டுங்கள். "நான் என்ன சாஃப்ட்வேரா விற்கப்போறேன்?" என்ற கேள்வி உடனே வரும். விற்கவும் வேண்டாம், ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானில் ஏற்றவும் வேண்டாம். பேக்கேஜ் என்பது அஞ்சறைப்பெட்டி மாதிரி. எந்த வீட்டு அடுக்களைக்குப் போனாலும் கடுகு எங்கே இருக்கும் என்று தெரியும் அல்லவா? 'டிஸ்கிரிப்ஷன்' கோப்பில் பெயர், பதிப்பு எண், தேவைப்படும் பிற பேக்கேஜ்கள். 'ஆர்' ஃபோல்டரில் ஃபங்ஷன்கள். 'டேட்டா'வில் சுத்தம் செய்த தரவு, 'டெஸ்ட்ஸ்' ஃபோல்டரில் நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனைகள். பைத்தான்காரர்களுக்கு 'பைப்ராஜெக்ட்' கோப்பு அதே வேலையைச் செய்கிறது. பயன்படுத்திய பேக்கேஜ்களின் துல்லியமான பதிப்புகளைப் பூட்டி வைக்க, ஆரில் 'ரென்வ்' போன்ற கருவி தனியாக வேண்டும்.

இவற்றில் நான் விடாப்பிடியாக நிற்பது 'டேட்டா-ரா' என்ற ஃபோல்டரில். வயலிலிருந்து வந்த மூலக் கோப்பு அதில்தான் இருக்கும், அதை யாரும் தொடக் கூடாது. திருத்தம் எதுவானாலும் பக்கத்தில் உள்ள நிரலில் ஒரு வரியாக, காரணத்தோடு எழுத வேண்டும். இந்த மாணவரிடம் இரண்டு எக்செல் கோப்புகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்ததில் அட்டவணையின் மூன்று கட்டங்களில் மகசூல் எண் மாறியிருந்தது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதற்குத் தடயமே இல்லை. மூன்று எண்தானே என்று விடலாமா? அதில் ஒன்று அவருடைய சிறந்த ரகத்தின் எண்.

நன்றாகச் செய்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பென்குயின் தரவைப் பாருங்கள். 2007 முதல் 2009 வரை அண்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தில் அளந்த 344 பறவைகள். 2020-இல் ஆர் பேக்கேஜாக வந்தது. 2025-இல் வெளியான ஆர் 4.5.0-இல் மொழியோடே சேர்ந்துவிட்டது. சுத்தமான அட்டவணையோடு மூல அட்டவணையையும் தந்திருக்கிறார்கள். மூலத்தில் குறிப்புகளுக்கென்றே ஒரு நெடுவரிசை. ஐசோடோப் சோதனைக்கு ரத்தம் போதவில்லை என்பது வரை அதில் இருக்கிறது. அளக்க முடியாத இடத்தை வெற்றாகவே விட்டிருக்கிறார்கள். நம் ஊர் அட்டவணைகளில் அந்த இடத்தில் 'அளவு இல்லை' என்பதற்கு அடையாளமாக -99 உட்கார்ந்திருக்கும், சராசரி எடுக்கும்போது அதுவும் சேர்ந்துகொள்ளும்.

சோதனை எழுதச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு. வேதியியலில் நடந்ததைச் சொல்வேன். மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவுகளைக் கணக்கிடப் பலரும் பயன்படுத்திய ஒரு பைத்தான் நிரல், ஃபோல்டரில் உள்ள கோப்புகள் ஒரே வரிசையில் கிடைக்கும் என்று நம்பியிருந்தது. அந்த வரிசையோ இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். ஒரே தரவுக்கு வெவ்வேறு விடை வருவதை 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். விடை தெரிந்த ஒரு தரவை வைத்து விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு தடவை ஓட்டியிருந்தால் முன்பே மாட்டியிருக்கும்.

எல்லாவற்றையும் பேக்கேஜுக்குள் திணிக்கவும் வேண்டாம். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சாதாரணமாக ஏற்காது. பெரிய தரவை ஜெனோடோ என்ற ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றி, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணை வாங்கி, அங்கிருந்து இறக்கும் ஃபங்ஷனை மட்டும் உள்ளே வையுங்கள். நோயாளிகளின் பெயர், விவசாயிகளின் கைபேசி எண் எதுவும் உள்ளே போகக் கூடாது. உரிமக் கோப்பு ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் நிரலைப் பிறர் சட்டப்படி எடுத்தாள முடியாது. ஒரே ஒரு வகுப்புப் பயிற்சிக்கு இத்தனையும் தேவையில்லை.

அந்த மாணவரின் வேலையையும் பேக்கேஜாகக் கட்டினோம். என் கணினியில் நிறுவியதும் முதல் தடவை ஓடவில்லை. அவர் எழுதாமல் விட்ட இரண்டு பேக்கேஜ்கள் அப்போதுதான் தெரியவந்தன. பழைய மாதிரி எடுக்கும் முறையைக் கேட்டு வாங்க ஆர் மொழியில் வழி இருப்பதால் படம் 4.3 அப்படியே திரும்பக் கிடைத்தது, இந்தத் தடவை அலகோடு. மாறிய மூன்று எண்களுக்காக அவர் ஊருக்குப் போய் வயல் நோட்டைத் தேடி எடுத்துவந்தார். இரண்டு எண்களுக்கு நோட்டில் காரணம் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. அதை வெற்றாக விட்டு மறுபடி ஓட்டினோம். அவருடைய சிறந்த ரகம் இரண்டாம் இடத்துக்கு இறங்கியது.