எஸ்எஸ்டி செருகினால் நெட் ஏன் போகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி இது: “என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஓர் எம்.2 எஸ்எஸ்டி போட்டேன். கேபிளைத் தொடவில்லை, ரவுட்டரைத் தொடவில்லை, எந்த செட்டிங்கிலும் கைவைக்கவில்லை. ஆன் செய்தால் நெட் இல்லை. எஸ்எஸ்டியைக் கழற்றினால் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? கடையில் கேட்டால் பவர் சப்ளை போதவில்லை என்கிறார்கள்.”

பவர் சப்ளை பாவம், அதை விட்டுவிடலாம். நெட்வொர்க் கார்டும் நன்றாகத்தான் இருக்கிறது. பூட் ஆனபோது நடந்தவற்றைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’ கமாண்டை டெர்மினலில் ஓட்டி ‘ரீநேம்டு’ என்ற சொல்லைத் தேடச் சொன்னேன். அகப்பட்ட ஒரே வரியில் விஷயம் முழுக்க இருந்தது: ஆர்8169 என்ற டிரைவர் (கார்டை இயக்கும் நிரல்), 04:00.0 என்ற இடத்தில் இருக்கும் கார்டுக்கு, ஈத்0 என்ற பெயரை எடுத்துவிட்டு ஈஎன்பி4எஸ்0 என்று பெயர் வைத்திருக்கிறது. அவருடைய நெட்வொர்க் செட்டிங் ஃபைலிலோ ‘ஈஎன்பி3எஸ்0-க்கு இந்த ஐபி கொடு’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. ஐபி கொடுக்க ஆளில்லாமல் கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

மூன்று ஏன் நான்கானது என்பதுதான் ருசியான பகுதி. அதற்குமுன் கொஞ்சம் பழங்கதை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு உள்ளுக்குள் பெயரே தேவையில்லை. ஒவ்வொரு நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கும் ஓர் உள் எண் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். பெயர் நமக்காக வைப்பது, அதிகபட்சம் 15 எழுத்து. டிரைவர் ஒரு கார்டைக் கண்டுபிடித்ததும் ‘ஈத் என்று தொடங்கும் பெயர் ஒன்று கொடு’ என்று கெர்னலிடம் கேட்கும். கெர்னல் ஏற்கெனவே உள்ள பெயர்களையெல்லாம் பார்த்து, புழக்கத்தில் உள்ள எண்களுக்கு நேரே டிக் போட்டு, டிக் இல்லாத முதல் எண்ணைக் கொடுத்துவிடும். முதலில் வந்தவர் ஈத்0, அடுத்தவர் ஈத்1. அவ்வளவுதான் விதி.

ஒரே கார்டு இருக்கும்வரை இதில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு கார்டு இருந்தால்தான் வினை. டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில் லோடாகின்றன. ஒரு கார்டு ஃபர்ம்வேர் ஏற்றிக்கொள்ளச் சில மில்லிசெகண்ட் தாமதித்தால் போதும், நேற்றைய ஈத்1 இன்று ஈத்0 ஆகிவிடும். ஃபயர்வாலில் ‘ஈத்0 வீட்டுப் பக்கம், எல்லாவற்றையும் விடு, ஈத்1 இணையப் பக்கம், எதையும் விடாதே’ என்று எழுதியிருந்தால், ஒரு ரீஸ்டார்ட்டில் கதவு வெளிப்பக்கமாகத் திறந்துகொள்ளும். நெட் போனாலாவது உடனே தெரியும். இது தெரியவே தெரியாது.

மூடநம்பிக்கை விளைய இதைவிட நல்ல நிலம் கிடையாது என்பது என் கருத்து. இத்தகைய பந்தயத்தில் ‘இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணு’ என்பது சில சமயம் நிஜமாகவே பலிக்கும். பலித்ததும் அது சடங்காகிவிடும். கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்பவர்கள், ஆன் செய்ததும் சற்றுக் காத்திருந்து கேபிள் செருகுபவர்கள் என்று ஆளுக்கொரு பரிகாரம் வைத்திருப்பார்கள். எப்போதாவது பலன் தருகிற பரிகாரத்தைக் கைவிட வைப்பதுதான் ரொம்பக் கஷ்டம். சுத்தமாகப் பலிக்காததென்றால் தானே விட்டுவிடுவார்கள்.

இதைச் சரிசெய்ய யூடெவ் என்ற நிரல் முதலில் ஒரு கணக்குப்பிள்ளை வேலை பார்த்தது. கண்ணில் பட்ட ஒவ்வொரு கார்டின் மேக் அட்ரஸையும் (கார்டின் தனி அடையாள எண்) அதன் பெயரையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டது. விர்ச்சுவல் மெஷினை, அதாவது கம்ப்யூட்டருக்குள் நிரலாக ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டரை, காப்பி எடுத்தவர்களுக்கு இதன் வினோதம் நினைவிருக்கும். காப்பிக்குப் புது மேக் அட்ரஸ். பழைய அட்ரஸுக்கு ஈத்0 ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே ஒரே கார்டுள்ள மெஷினில் அந்த ஒரே கார்டு ஈத்1. போதாததற்கு, கெர்னல் ஒரு பக்கம் ஈத்0 கொடுக்க, யூடெவ் அதே பெயரை வேறொரு கார்டுக்கு மாற்றப் பார்க்க, நடுவில் மாட்டிக்கொண்ட கார்டு ‘ரீநேம்’ என்று தொடங்கும் ஏதோ ஒரு தற்காலிகப் பெயரோடு அந்தரத்தில் நிற்கும்.

2011-ல் ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் பதிப்பு, டெல் நிறுவனம் எழுதிய பயாஸ்டெவ்நேம் என்ற நிரலைக் கொண்டு கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டத் தொடங்கியது. லினக்ஸைத் தொடக்கி நடத்தும் நிரலான சிஸ்டம்டியின் 197-வது பதிப்பு, 2013 ஜனவரியில் வந்தது, அதே யோசனையைத் தன் பாணியில் எடுத்துக்கொண்டது. இன்று நாம் பார்க்கும் நீள நீளப் பெயர்கள் அங்கிருந்து வந்தவை. யார் முதலில் வந்தார் என்று பார்க்காதே, எங்கே இருக்கிறார் என்று பார்.

சிஸ்டம்டி முதலில் பயாஸை (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரல்) கேட்கும்: ‘போர்டிலேயே உள்ள கார்டுகளுக்கு நீ ஏதாவது எண் வைத்திருக்கிறாயா?’ இருந்தால் ஈஎன்ஓ1, ஈஎன்ஓ2. இல்லையென்றால் ஸ்லாட் எண் கேட்கும், கிடைத்தால் ஈஎன்எஸ்1. அதுவும் இல்லையென்றால் பிசிஐ (கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் முறை) முகவரியை எடுத்து ஈஎன்பி3எஸ்0. ஈஎன் என்றால் ஈத்தர்நெட், பி3 என்றால் மூன்றாவது பஸ் (கார்டுகள் மாட்டப்படும் தடம்), எஸ்0 என்றால் அதில் பூஜ்யமாவது டிவைஸ்.

பயாஸ் சொல்வதை நம்பலாமா? விஎம்வேர் என்ற மெய்நிகர் கம்ப்யூட்டரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் போட்டவர்களுக்கு ஈஎன்ஓ16777736 என்று ஒரு பெயர் வந்தது. ஒன்றேமுக்கால் கோடி கார்டு எங்கே இருக்கிறது என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். மெய்நிகர் பயாஸ் வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னது, சிஸ்டம்டி அப்படியே நம்பியது. பிறகு 16383-க்கு மேல் யார் எண் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். நிஜ மதர்போர்டுகளிலும் இந்த எண்ணைக் காலியாக விட்டுவிடுவது, தப்பாகப் போடுவது சகஜம். விண்டோஸ் ஓடினால் போதும் என்று டெஸ்ட் செய்து அனுப்பிவிடுகிறார்கள். அரசுகள் லட்சக்கணக்கில் கம்ப்யூட்டர் வாங்குகின்றன. ரேம் எத்தனை ஜிபி என்று டெண்டரில் போடுகிறவர்கள், பயாஸ் அட்டவணை ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்க வேண்டும் என்று கூடவே ஒரு வரி போட்டால் செலவு ஒன்றும் ஏறாது. யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

இனி அந்த மூன்றும் நான்கும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் எந்த ஸ்லாட்டில் என்ன செருகியிருக்கிறது என்று பயாஸுக்குத் தெரியாது. ஒவ்வோர் இடமாகப் போய்க் கேட்டால்தான் உண்டு. பூஜ்யமாவது பஸ்ஸில் ஆரம்பிக்கிறது. அதில் 32 டிவைஸுக்கு இடம், ஒவ்வொன்றுக்குள்ளும் 8 ஃபங்ஷன் வரை. ஒவ்வோர் இடத்திலும் தயாரிப்பாளரின் அடையாள எண்ணைப் படித்துப் பார்க்கும். இன்டெல் பொருள் என்றால் 8086 என்று பதில் வரும் (தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாளமாக வாங்கி வைத்துக்கொண்ட குறும்பு). ரியல்டெக் என்றால் 10இசி. ஆளே இல்லையென்றால் 16 பிட்டும் ஒன்று ஒன்றாக வரும். அந்த மௌனத்துக்கும் ஓர் எண் இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

பதில் சொன்னது சாதாரண டிவைஸாக இருந்தால் அடுத்த இடத்துக்கு நகரும். பிரிட்ஜாக இருந்தால் அதன் பின்னால் இன்னொரு பஸ் இருக்கிறது என்று அர்த்தம். இன்றைய போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒவ்வொன்றும் இப்படி ஒரு பிரிட்ஜின் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜைப் பார்த்ததும், இதுவரை கொடுக்காத அடுத்த எண்ணை அதன் பின்னாலுள்ள பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பாக்கி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, உள்ளே இறங்கிவிடும். உள்ளே இன்னொரு பிரிட்ஜ் இருந்தால் அதற்குள்ளும் இறங்கும். அடி ஆழம் வரை போய்த் திரும்பிய பிறகுதான் பக்கத்து இடம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘எத்தனையாவது பஸ் வரை உன் பின்னால் இருக்கின்றன’ என்று ஒவ்வொரு பிரிட்ஜிலும் எழுதி வைக்க வேண்டும். அந்த எல்லைக்குள் வரும் கேள்விகளை மட்டுமே அது உள்ளே விடும். உள்ளே போய்ப் பார்க்காமல் எல்லை தெரியாது. எல்லை எழுதாமல் உள்ளே போக முடியாது. தீர்வு எளிமையானது: தற்காலிகமாக 255 என்று, அதாவது உச்சபட்ச எண்ணை எழுதிவிட்டு இறங்குவது. திரும்பி வரும் வழியில், கடைசியாகக் கொடுத்த பஸ் எண் எதுவோ அதைத் திருத்தி எழுதிவிடுவது. முன்கூட்டியே வரைபடம் இல்லாமல், நடந்துகொண்டே வரைபடம் போடுகிற வித்தை இது. கல்லூரியில் ‘டெப்த் ஃபர்ஸ்ட்’ என்று மனப்பாடம் செய்து மறந்தது, பவர் பட்டனை அழுத்தும்போதெல்லாம் நம் மேஜைக்கடியில் நடக்கிறது.

நம் வாசகரின் கம்ப்யூட்டரில் இந்த நடை முதலில் கிராபிக்ஸ் கார்டைச் சந்தித்திருக்கிறது: பஸ் 1. அடுத்து முதல் எஸ்எஸ்டி: பஸ் 2. அடுத்து நெட்வொர்க் சிப்: பஸ் 3. காலியாகக் கிடந்த இரண்டாவது எம்.2 இடத்தின் பிரிட்ஜை பயாஸ் அணைத்து மறைத்து வைத்திருந்ததால் அது கணக்கிலேயே வரவில்லை. புது எஸ்எஸ்டி போட்டதும் அந்த பிரிட்ஜ் உயிர் பெற்றது. நடையில் அது நெட்வொர்க் சிப்புக்கு முன்னால் வருவதால் பஸ் 3 அதற்குப் போனது. நெட்வொர்க் சிப் போர்டில் சாலிடர் செய்த இடத்தைவிட்டு அசையவில்லை. எண் மட்டும் 4 ஆனது.

இந்த ஏற்பாட்டைக் ‘கணிக்கக்கூடிய பெயர்கள்’ என்று அழைக்கிறார்கள். மாறாத பெயர் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஹார்டுவேர் மாறாதவரை ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அதே பெயர். வாக்குறுதி அதோடு சரி.

எல்லா போர்டிலும் இப்படி நடக்காது. இன்டெல் ஐ219 நெட்வொர்க் பல போர்டுகளில் சிப்செட்டுக்குள்ளேயே, பூஜ்யமாவது பஸ்ஸில் இருக்கிறது. அதன் பெயர் ஈஎன்பி0எஸ்31எஃப்6. பஸ் 0-தான் நடையின் தொடக்கம் என்பதால் என்ன செருகினாலும் அது நகராது. இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள்: பிசிஐ டிவைஸ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கமாண்ட் இதே சிப்பை 00:1எஃப்.6 என்று காட்டும். 31 எங்கிருந்து வந்தது? எல்எஸ்பிசிஐ பதினாறடிமானத்தில் எழுதுகிறது, சிஸ்டம்டி பதின்மத்தில் எழுதுகிறது. 1எஃப் என்றால் 16-ம் 15-ம், ஆக 31. பத்தாவது பஸ்ஸில் உள்ள கார்டு அங்கே 0ஏ, இங்கே ஈஎன்பி10எஸ்0. கார்டைத் தேடும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் மிச்சம்.

யூஎஸ்பி கார்டுகளுக்குப் பெயரின் வாலில் போர்ட் எண்ணும் ஒட்டிக்கொள்ளும்: ஈஎன்பி0எஸ்20எஃப்0யூ2. பக்கத்து ஓட்டையில் செருகினால் வேறு பெயர். டெபியன், உபுண்டு போன்றவற்றில் இதற்குப் பதில் மேக் அட்ரஸையே பெயராக்கும் விதி உண்டு, ஆனால் நிலையான மேக் அட்ரஸ் இருந்தால்தான். அட்ரஸின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றானால் அது தொழிற்சாலையில் கொடுத்ததல்ல, பிறகு யாரோ உருவாக்கியது. யூஎஸ்பி வழியாக நெட் பகிரும் போனில் அடிக்கடி இப்படித்தான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? ‘நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0’ என்று பூட் வரியில் சேர்த்து பழைய ஈத்0-க்கே திரும்பு என்ற யோசனைதான் முதலில் காதில் விழும். ஒரே கார்டு என்றால் தாராளமாகச் செய்யலாம். இரண்டு இருந்தால் மேலே சொன்ன பந்தயத்தை நாமே திரும்ப அழைத்து வந்ததாக ஆகும்.

நான் சொல்வது நீங்களே பெயர் வைத்துவிடுங்கள் என்பதுதான். ஈடிசி டைரக்டரிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க், அங்கே ‘.லிங்க்’ என்று முடியும் ஒரு ஃபைல், பெயர் 10 என்று தொடங்கட்டும், அப்போதுதான் 99 என்று தொடங்கும் இயல்பு ஃபைலை முந்தும். ‘மேட்ச்’ பகுதியில் கார்டின் நிரந்தர மேக் அட்ரஸ், ‘லிங்க்’ பகுதியில் லேன்0 அல்லது வேன்0 என்று பெயர். ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள். கெர்னலோடு மோதல் வரும். வெறும் மேக் அட்ரஸ் என்று போடாமல் ‘பர்மனென்ட்’ வகையைப் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: அந்தக் கார்டின்மேல் நெட்வொர்க் பிரிட்ஜோ (மேலே சொன்ன பிசிஐ பிரிட்ஜ் அல்ல) விலானோ (ஒரே கார்டின்மேல் கட்டும் மெய்நிகர் நெட்வொர்க்) கட்டியிருந்தால் அவற்றுக்கும் அதே அட்ரஸ் வந்து, பெயருக்கு அடிபிடி நடக்கும். வீட்டுக்கு இது போதும். ரேக்கில் நூறு சர்வர் வைத்திருப்பவர்கள் கார்டு பழுதாகி மாற்றினாலும் பெயர் மாறக்கூடாது என்பதால் மேக் அட்ரஸை விட்டு இடத்தை வைத்துப் பொருத்துவார்கள். அதுதான் அவர்களுக்குச் சரி.

ஃபைலை எழுதிய பிறகும் பெயர் மாறவில்லை என்று சிலர் திரும்பி வருவார்கள். பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகச் சிறு லினக்ஸுக்குள்ளும் ஒரு யூடெவ் உண்டு. உங்கள் ஃபைல் அதற்குள் இல்லாவிட்டால் அது பழைய விதிப்படி பெயர் சூட்டிவிடும். பின்னால் வரும் யூடெவ், ஏற்கெனவே சூட்டிய பெயரைக் கலைக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2020-ல் வந்த கெர்னல் 5.5 முதல் ஒரே இன்டர்ஃபேஸுக்கு மாற்றுப் பெயர்களும் வைக்கலாம், அவை 127 எழுத்து வரை நீளலாம். சென்னையில் வாசல் பலகையில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதியிருப்பார்களே, அதே ஏற்பாடு. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஈஎன்பி0எஸ்31எஃப்6 திடீரென ஈஎன்ஓ1 ஆனாலும், ‘ஐபி லிங்க்’ கொடுத்தால் கீழே ‘ஆல்ட்நேம்’ என்ற வரியில் பழைய பெயர் இருக்கும். நம் வாசகருக்கு இது உதவாது. அவர் விஷயத்தில் பஸ் எண்ணே மாறிவிட்டதால் பழைய பெயரைக் கணக்கிட வழியில்லை. அவருக்கு லிங்க் ஃபைல்தான்.

நான்கு போர்ட் உள்ள கார்டில் எந்த ஓட்டைக்கு எந்தப் பெயர் என்று தெரியாமல் விழிப்பவர்கள் ‘ஈத்டூல்’ கமாண்டோடு சின்ன எழுத்து ‘-பி’ சேர்த்து, பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். டிரைவர் ஒத்துழைத்தால் அந்த போர்ட்டின் எல்இடி மட்டும் கண் சிமிட்டும். பெரிய எழுத்து ‘-பி’ போட்டால் அது நிரந்தர மேக் அட்ரஸைச் சொல்லும். லிங்க் ஃபைலில் எழுத வேண்டியது அதைத்தான்.